கழுகு அணிகள்: பிரிட்டனுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைகளைப் பற்றி நண்பர்களோடும் மாணவர்களோடும் பேச்சு எழும்போதெல்லாம், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே பிரிட்டனின் ராயல் விமானப்படையில் சேர்ந்த அமெரிக்க இளைஞர்களைப் பற்றி ஒரே விதமான ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்திருக்கின்றன. சிலர் இவர்களைச் சீனாவில் பறந்தவர்களோடு குழப்பிக்கொள்கிறார்கள். வேறு சிலர் 1940 இல் லண்டனைக் காப்பாற்றியதே இவர்கள்தான் என்று நம்புகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால் வருகின்றன.

ஈகிள் ஸ்குவாட்ரன் என்று சொல்கிறார்களே, அது ஒரு படைப்பிரிவா, பல படைப்பிரிவுகளா?

மூன்று. ராயல் விமானப்படையின் 71, 121, 133 ஆகிய எண்களைக் கொண்ட ஸ்குவாட்ரன்களுக்குத்தான் ஈகிள் ஸ்குவாட்ரன், அதாவது கழுகு அணி, என்ற பெயர் வழங்கியது. 71 ஆவது அணி 1940 செப்டம்பர் 19 அன்று யார்க்‌ஷயரில் உள்ள சர்ச் ஃபென்டன் தளத்தில் உருவானது. 121 ஆவது அணி 1941 மே மாதத்தில் கிர்டன்-இன்-லிண்ட்சியிலும், 133 ஆவது அணி அதே ஆண்டின் கோடையில் கோல்டிஷாலிலும் அமைக்கப்பட்டன. மூன்றும் ஒற்றை இருக்கைப் போர் விமானங்களை ஓட்டிய அணிகள். குண்டுவீச்சு இவர்களுடைய முதன்மை வேலை அன்று.

இவற்றில் பறந்த அமெரிக்கர்கள் மொத்தம் 244 பேர். அவர்களோடு 16 பிரிட்டிஷ் விமானிகள் அணித் தலைவர்களாகவும் துணைத் தலைவர்களாகவும் பணியாற்றினார்கள். 1942 செப்டம்பர் 29 அன்று மூன்று அணிகளும் அமெரிக்க இராணுவ விமானப்படைக்கு மாற்றப்பட்டன. ஆக, இந்தப் பெயருக்கு உரிய காலம் இரண்டு ஆண்டுகளும் சில நாட்களும்தான்.

அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லையே? சட்டம் இவர்களைத் தடுக்கவில்லையா?

தடுத்தது, ஆனால் எல்லா வழிகளையும் அடைக்கவில்லை. 1930களில் அமெரிக்க நாடாளுமன்றம் அடுத்தடுத்து நடுநிலைச் சட்டங்களை இயற்றியிருந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் அதிபர் ரூஸ்வெல்ட் நடுநிலைப் பிரகடனத்தை வெளியிட்டார். அமெரிக்க மண்ணில் நின்றுகொண்டு அந்நியப் படைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். ஆனால் ஒருவர் தாமாக எல்லையைக் கடந்து போய் வேறொரு நாட்டின் படையில் சேர்ந்தால், அது அதே அளவில் குற்றமாகக் கருதப்படவில்லை. எனவே பெரும்பாலானோர் கனடாவுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்.

தொடக்கத்தில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் எல்லையில் சிலரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. பின்னாளில் 71 ஆவது அணிக்கே தலைவரான செஸ்லி பீட்டர்சன் முதல் முயற்சியில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்தான். 1940 இன் நடுவில் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு வாஷிங்டனின் மனநிலை மாறியது. சட்டம் அப்படியே இருந்தாலும் அதைக் கையாண்டவர்கள் கண்டும் காணாமலும் இருக்கத் தொடங்கினார்கள்.

குடியுரிமை பறிபோய்விடும் என்ற பயம் இல்லையா?

இருந்தது, அது நியாயமான பயமும்கூட. அந்நிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கும் அமெரிக்கர் குடியுரிமையை இழப்பார் என்று 1907 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பிரிட்டிஷ் படையில் சேரும் எவரும் மன்னருக்கு அந்த உறுதிமொழியைச் சொல்லியாக வேண்டும் என்பது வழக்கம். இரண்டும் நேருக்கு நேர் மோதின.

முடிச்சு அவிழ்ந்தது பிரிட்டன், கனடா பக்கத்திலிருந்துதான். 1940 கோடையில் கனடா அமெரிக்கர்களுக்கு விசுவாச உறுதிமொழியிலிருந்து விலக்கு அளித்தது. பிரிட்டனும் அவ்வாறே செய்தது. பணிக்காலத்தில் மேலதிகாரிகளின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதாக ஒப்புக்கொண்டாலே போதும் என்று ஆயிற்று. கழுகு அணியினர் ராயல் விமானப்படையின் தன்னார்வ ரிசர்வ் பிரிவில் அதிகாரிகளாக நியமிக்கப்பட்டார்கள். மன்னரின் சீருடையை அணிந்தார்கள், ஆனால் மன்னரின் குடிமக்கள் ஆகவில்லை. வழக்கறிஞர்கள் மட்டுமே வியக்கக்கூடிய நுட்பம் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இது இல்லையென்றால் கழுகு அணிகளே இருந்திருக்காது.

இவர்களைத் திரட்டியது யார்?

இரண்டு வெவ்வேறு முயற்சிகள் நடந்தன. அவற்றை ஒன்றாக்கிச் சொல்வதுதான் வழக்கமான தவறு. முதலாவது ஸ்வீனி குடும்பத்தினுடையது. கர்னல் சார்லஸ் ஸ்வீனி பல நாட்டுப் போர்களில் கூலிக்கும் கொள்கைக்குமாகச் சண்டையிட்ட பழைய படைவீரர். பிரெஞ்சு அந்நியர் படையிலும் இருந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் பறந்த லஃபாயெட் எஸ்காட்ரிலைப் போல அமெரிக்கர்களுக்கென ஓர் அணி வேண்டும் என்று எண்ணி, 1940 இல் பிரான்சுக்கு விமானிகளை அனுப்பத் தொடங்கினார். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பிரான்சே வீழ்ந்துவிட்டது. லண்டனில் தொழில் செய்துவந்த அவருடைய சகோதரர் மகன், அவர் பெயரும் சார்லஸ் ஸ்வீனிதான், அதே எண்ணத்தைப் பிரிட்டிஷ் அரசிடம் கொண்டுபோனார். 71 ஆவது அணி பிறந்தது அப்படித்தான்.

இரண்டாவது முயற்சி கிளேட்டன் நைட் குழு. நைட் முதல் உலகப் போரில் பறந்த அமெரிக்கர், பிறகு ஓவியரானார். கனடாவின் புகழ்பெற்ற முதல் உலகப் போர் விமானியான பில்லி பிஷப் அவரை இந்த வேலைக்குள் இழுத்தார். நியூயார்க்கின் வால்டார்ஃப்-அஸ்டோரியா ஓட்டலை மையமாகக் கொண்டு, கனடாவில் சிவில் வேலைக்கு விமானிகளைத் தேடுவதுபோன்ற தோற்றத்தோடு குழு இயங்கியது. பிற்காலத்தில் கழுகு அணிகளுக்கு வந்தவர்களில் மிகப் பலர் இந்த வழியாகத்தான் வந்தார்கள். ஸ்வீனிகளுக்குக் கிடைத்த பத்திரிகைப் புகழ் நைட்டுக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

சேர்வதற்கு என்ன தகுதி கேட்டார்கள்?

உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ், 20 முதல் 31 வரையிலான வயது, 300 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவம், கண்ணாடி அணிந்தால் சரியாகும் அளவுக்குக் கண்பார்வை. இவ்வளவுதான். அதே காலத்தில் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு கல்லூரிப் படிப்பையும் குறையற்ற பார்வையையும் கேட்டது. ஆகவே தாய்நாட்டின் படை கதவைச் சாத்திய பலருக்குப் பிரிட்டன் கதவைத் திறந்தது.

300 மணி நேரம் என்பது பெரிய தடை. பறப்பது செலவு மிகுந்த பழக்கம். பலர் தங்கள் பதிவேட்டில் பேனாவாலேயே சில நூறு மணி நேரம் பறந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவிலேயே, குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், தனியார் பயிற்சிப் பள்ளிகளில் சில வாரங்கள் பழகிவிட்டு, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, பிரிட்டனில் போர் விமானப் பயிற்சியை முடித்தார்கள்.

பணத்துக்காகப் போனார்களா, கொள்கைக்காகவா?

பணத்துக்காக அன்று, ராயல் விமானப்படையின் இளநிலை அதிகாரிக்குக் கிடைத்த சம்பளம் அமெரிக்கப் படைச் சம்பளத்தைவிட மிகக் குறைவு. கொள்கைக்காகப் போனவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோரையும் ஜனநாயகத்தின் காவலர்களாக வரைவது பொருந்தாது. வயல்களுக்கு மருந்து தெளித்தவர்கள், ஊர் ஊராகப் போய் விமான வித்தை காட்டியவர்கள், விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். யூஜீன் டோபின் ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்து விமானம் ஓட்டக் கற்றவர். ஆண்ட்ரூ மமெடாஃப் ரஷ்யாவிலிருந்து வெளியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். வெர்னன் கியோ பாராசூட்டில் குதித்துக் காட்டிப் பிழைத்தவர்.

பீட்டர்சனின் கதை இதில் சுவையானது. அமெரிக்க இராணுவ விமானப் பயிற்சியிலிருந்து அவரை நீக்கியபோது சொன்ன காரணம், பறக்கும் திறன் இயல்பிலேயே இல்லை என்பது. மூன்றே ஆண்டுகளில் அவர் அதே படையின் மிக இளைய கர்னல் ஆனார். அப்போது அவருக்கு வயது 23. பெரும்பாலானோரின் உள்ளத்தில் இருந்த எளிய ஆசை, அன்றைய உலகின் மிக வேகமான விமானங்களை ஓட்ட வேண்டும் என்பதுதான் என்று நான் கருதுகிறேன். போர் அந்த விமானங்களைக் கொடுத்தது.

1940 இல் ஜெர்மானிய விமானங்களிடமிருந்து லண்டனைக் காப்பாற்றியது இந்த அணிகள்தானே?

இல்லை. பிரிட்டன் வான்போர் என்று அதிகாரபூர்வமாகக் குறிக்கப்படும் காலம் 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை. 71 ஆவது அணி உருவானதே செப்டம்பர் 19 அன்றுதான். அதற்கு விமானங்கள் வந்து, பயிற்சி முடிந்து, போருக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது 1941 பிப்ரவரியில். மற்ற இரண்டு அணிகளும் அப்போது பிறக்கவே இல்லை.

ஆனால் அந்த வான்போரில் அமெரிக்கர்கள் தனித்தனியாகப் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களில் பறந்தார்கள். யாரை அமெரிக்கர் என்று கொள்வது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை 7 முதல் 11 வரை மாறும். மொத்த விமானிகளும் வீரர்களும் ஏறத்தாழ 3,000 பேர் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இது சிறு கைப்பிடி. முந்தைய பதிலில் சொன்ன டோபின், மமெடாஃப், கியோ மூவரும் 609 ஆவது ஸ்குவாட்ரனில் இந்தப் போரில் பங்கேற்று, பிறகு 71 ஆவது அணியின் முதல் உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள். பெயர் அணிக்குப் போனதால் மூவரின் போரும் அணியின் போராகக் கதையில் மாறிவிட்டது.

பில்லி ஃபிஸ்க் கழுகு அணிக்காரர்தானே?

அவர் இறந்தபோது கழுகு அணியே இல்லை. வில்லியம் ஃபிஸ்க் 1928, 1932 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் தங்கம் வென்ற அணிகளின் தலைவர். தாம் கனடாக்காரர் என்று சொல்லிக்கொண்டு ராயல் விமானப்படையில் சேர்ந்து 601 ஆவது ஸ்குவாட்ரனில் பறந்தார். 1940 ஆகஸ்ட் 16 அன்று தீப்பற்றிய தம் ஹரிக்கேன் போர் விமானத்தைக் கைவிடாமல் டாங்மியர் தளத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். தீக்காயங்களால் மறுநாள் இறந்தார். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. அது திறக்கப்பட்ட நாள் 1941 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள். அமெரிக்கா அப்போதும் நடுநிலை நாடுதான். பிரிட்டிஷ் அரசு அந்தத் தேதியைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்திருக்காது.

என்ன விமானம் ஓட்டினார்கள்? முதலிலிருந்தே ஸ்பிட்ஃபயரா?

இல்லை. 71 ஆவது அணிக்கு முதலில் வந்து சேர்ந்தவை அமெரிக்கத் தயாரிப்பான சில ப்ரூஸ்டர் பஃபலோ விமானங்கள். ஐரோப்பிய வானில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்டுகளுக்கு எதிரே அவை எடுபடா. முதல் தலைவர் வால்டர் சர்ச்சில், வால் சக்கரத்தைப் பூட்டாமல் தரையிறக்கி அவற்றை நொறுக்கிவிடும்படி விமானிகளிடம் சொன்னார் என்று ஒரு கதை அணியில் வழங்கியது. உண்மையோ இல்லையோ, பஃபலோக்கள் போய் ஹரிக்கேன்கள் வந்தன. சர்ச்சில் என்ற பெயரைக் கண்டு பிரதமரின் குடும்பத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

1941 ஆகஸ்டில் 71 ஆவது அணிக்கு ஸ்பிட்ஃபயர் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மற்ற அணிகளும் ஹரிக்கேனிலிருந்து ஸ்பிட்ஃபயருக்கு மாறின.

அன்றாடம் என்னதான் செய்தார்கள்? தினமும் வான்சண்டையா?

முதல் மாதங்கள் பெரும்பாலும் சலிப்பு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் செல்லும் கப்பல் தொடர்களுக்கு மேலே மணிக்கணக்காகச் சுற்றிக் காவல் காப்பதுதான் வேலை. மேகமும் மூடுபனியும்தான் முதல் எதிரிகள். 1941 ஜனவரி 5 அன்று ஃபிலிப் லெக்ரோன் பயிற்சியின்போது சக விமானத்தோடு மோதி இறந்தார். அணியின் முதல் பலி அவர். எதிரியின் தோட்டா பாய்வதற்கு முன்பே இழப்புகள் தொடங்கிவிட்டன. இதற்கிடையே பத்திரிகைகள் ஒரு விமானம்கூடக் கையில் இல்லாத நாளிலேயே இவர்களை வீரர்களாக்கிவிட்டிருந்தன. அருகே உண்மையாகவே சண்டையிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானிகளின் முகத்தைப் பார்க்க அது கூச்சத்தைக் கொடுத்தது.

1941 கோடையில் தெற்கே மார்ட்டில்ஷம் ஹீத், நார்த் வீல்ட் தளங்களுக்கு வந்த பிறகுதான் வேலையின் நிறம் மாறியது. சர்க்கஸ் என்று பெயரிட்ட பறப்புகளில், சில குண்டுவீச்சு விமானங்களைத் தூண்டிலாக அனுப்பி, ஜெர்மானியர்களை மேலே இழுத்துச் சண்டைக்கு வரவைப்பார்கள். ருபார்ப் என்ற பறப்பில் இரண்டு மூன்று விமானங்கள் மேகத்தின் மறைவில் பிரான்சுக்குள் தாழப் பறந்து, கண்ணில் பட்ட ரயிலையும் லாரியையும் சுட்டுவிட்டுத் திரும்பும். இந்த இரண்டாவது வகையில் தரையிலிருந்து வரும் குண்டுகளுக்கு நல்ல விமானிகளைப் பலி கொடுத்தது அதற்கு ஈடான பலனைத் தரவில்லை என்பது என் கருத்து.

கழுகு அணியின் முதல் 'ஏஸ்' யார்? ஓரிடத்தில் டேமண்ட் என்கிறார்கள், இன்னோரிடத்தில் டன் என்கிறார்களே?

ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியவரை ஏஸ் என்பது வழக்கம். 1941 செப்டம்பரில் அந்தப் பெயரைப் பத்திரிகைகள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிரெகரி டேமண்டுக்குச் சூட்டின. ஆனால் அதே 71 ஆவது அணியில் இருந்த வில்லியம் டன், ஆகஸ்ட் 27 அன்று பிரான்சின் மேலே இரண்டு மெஸ்ஸர்ஷ்மிட்டுகளை வீழ்த்தித் தம் ஐந்தாவது எண்ணிக்கையை ஏற்கெனவே தொட்டிருந்தார். அந்தச் சண்டையிலேயே காலில் கடும் காயம் பட்டு மருத்துவமனையில் கிடந்ததால் அவருக்காகப் பேச ஆளில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் டன்னின் முதலிடம் ஏற்கப்பட்டது. கனடாவின் காலாட்படை வீரராகப் பிரிட்டனுக்கு வந்து, பிறகு விமானப்படைக்குத் தாவியவர் அவர்.

மொத்தம் 73½ விமானங்களை வீழ்த்தினார்கள் என்று படித்தேன். அரை விமானத்தை எப்படி வீழ்த்துவது?

ஒரே விமானத்தை இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்று கணக்கெழுதுவது வழக்கம். மற்றப் பாதி வேறோர் அணியின் கணக்கில் போயிருந்தால் இங்கே அரை எஞ்சும். 71 ஆவது அணிக்கு 41, 121 ஆவது அணிக்கு 18, 133 ஆவது அணிக்கு 14½; கூட்டினால் 73½.

இது உரிமை கோரப்பட்ட எண்ணிக்கை என்பதை மறக்கலாகாது. வேகமான சண்டையில் ஒரே விமானத்தை இருவர் தனித்தனியே கோருவதும், புகைவிட்டபடி தப்பிய விமானத்தை வீழ்ந்ததாக நம்புவதும் எல்லா நாட்டுப் படைகளிலும் நடந்தன. மறுபக்கத்து எண்ணிக்கையில் அத்தகைய ஐயமில்லை: கழுகு அணிகளில் இறந்த அமெரிக்கர்கள் 77 பேர், பிரிட்டிஷார் 5 பேர். 244 இல் 77 என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இவர்களும் ஃப்ளையிங் டைகர்ஸும் ஒன்றுதானா?

இல்லை. ஃப்ளையிங் டைகர்ஸ் என்று பெயர் பெற்றவர்கள் கிளேர் ஷெனால்ட்டின் தலைமையில் சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வக் குழுவினர். அவர்களுடைய முதல் சண்டை 1941 டிசம்பர் 20 அன்று, அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, சீனாவின் குன்மிங் அருகே நடந்தது, பர்மாவிலும் பறந்தார்கள். அவர்கள் அமெரிக்கப் படைகளிலிருந்து அரசின் மறைமுக ஒப்புதலோடு விலகிப் போனவர்கள். அவர்களுக்கு நல்ல சம்பளமும், வீழ்த்தும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஊக்கத் தொகையும் உண்டு. கழுகு அணியினரில் பெரும்பாலோர் சிவிலியன்கள். அவர்களின் சம்பளம் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஹாலிவுட் படத்தில் அமெரிக்க இராணுவ அதிகாரியே பிரிட்டனுக்குப் போய்க் கழுகு அணியில் பறக்கிறாரே?

அது திரைக்கதையின் வசதி. பணியில் இருக்கும் அமெரிக்க அதிகாரி ஒருவர் கழுகு அணியில் சேர்ந்து பறந்தால் அது நடுநிலையை வெளிப்படையாக மீறுவதாகும். 71 ஆவது அணியின் தலைவராகச் சில மாதங்கள் இருந்த வில்லியம் டெய்லர் அமெரிக்கக் கடற்படையில் பறந்தவர்தான். ஆனால் அந்தப் பணியை விட்ட பிறகே பிரிட்டனுக்கு வந்தார்.

பார்வையாளர்கள் என்ற பெயரில் அமெரிக்க அதிகாரிகள் பிரிட்டனில் இருந்தது மட்டும் உண்மை. 1941 மே 26 அன்று ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைக் கண்டுபிடித்த பிரிட்டிஷ் கேட்டலினா விமானத்தில் இருந்த லெனார்ட் ஸ்மித், பணியில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை, விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி அப்போது வெளியே விடப்படவில்லை.

பேர்ல் ஹார்பருக்குப் பிறகும் ஏன் ஒன்பது மாதம் பிரிட்டிஷ் சீருடையிலேயே இருந்தார்கள்?

அவர்கள் இருக்க விரும்பவில்லை. செய்தி வந்த உடனேயே அணிகளின் பிரதிநிதிகள் லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்த் தங்களைத் தாய்நாட்டுப் படைக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். 71 ஆவது அணியில் ஜப்பானியர்களை எதிர்க்கச் சிங்கப்பூருக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கையும் எழுந்தது, அது மறுக்கப்பட்டது.

ஆனால் 1941 டிசம்பரில் இங்கிலாந்தில் அவர்களை ஏற்றுக்கொள்ள அமெரிக்க விமானப்படை அமைப்பு ஏதும் இல்லை. அமெரிக்காவின் எட்டாவது விமானப்படை 1942 இல்தான் வந்து நிலைகொண்டது. பதவி நிலைகளை எப்படிப் பொருத்துவது, அணிகளைக் கலைத்து ஆட்களைப் பிரிப்பதா, சேர்த்தே வைப்பதா என்றெல்லாம் பேச்சு நீண்டது. கலைக்கக்கூடாது என்று விமானிகள் பிடிவாதமாக நின்றார்கள்; அந்தப் பிடிவாதம் வென்றது.

மூன்று அணிகளும் சேர்ந்து சண்டையிட்டதே இல்லையா?

ஒரே ஒரு நாள்: 1942 ஆகஸ்ட் 19, டியெப். பிரெஞ்சுக் கரையின் அந்தத் துறைமுகத்தில், பெரும்பாலும் கனடா வீரர்களைக் கொண்டு நடந்த தரையிறக்கத்துக்கு மேலே மூன்று அணிகளும் பலமுறை பறந்தன. அப்போது 71 ஆவது அணியின் தலைவராக இருந்த பீட்டர்சன் ஒரு ஜங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானத்தைத் தாக்கினார். அதன் துப்பாக்கிக்காரர் சுட்டது அவருடைய எஞ்சினில் பட்டது. பாராசூட்டில் கடலில் குதித்த அவரைப் படகு ஒன்று மீட்டது.

மோர்லே விபத்து என்கிறார்கள். அதில் ஒரு முழு அணியே எப்படிக் காணாமல் போனது?

அமெரிக்கப் படைக்கு மாறுவதற்கு மூன்று நாட்களே இருந்தன. 1942 செப்டம்பர் 26 அன்று 133 ஆவது அணியின் 12 புதிய ஸ்பிட்ஃபயர்கள், பிரான்சின் பிரிட்டனி பகுதியில் உள்ள மோர்லே விமானத்தளத்தைத் தாக்கப் போன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் புறப்பட்டன. வானிலை முன்னறிவிப்பு பெரிதும் தவறியிருந்தது. மேலே வடக்கிலிருந்து மணிக்கு 100 மைல் அளவில் வீசிய காற்று எல்லா விமானங்களையும் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. கீழே மேகம் மூடியிருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

திரும்பும் நேரக் கணக்குப்படி இங்கிலாந்து வந்திருக்க வேண்டும் என்று எண்ணி மேகத்தைத் துளைத்துக் கீழே இறங்கினார்கள். கண்ணில் பட்ட நகரம் ஜெர்மானியர்களின் வலுவான பாதுகாப்பில் இருந்த பிரெஸ்ட். எரிபொருளும் தீர்ந்துகொண்டிருந்தது. நால்வர் இறந்தார்கள், அறுவர் சிறைப்பட்டார்கள், ஒருவர் பிரான்சில் மறைந்து தப்பினார், ஒருவர் மட்டும் இங்கிலாந்தின் கரையை எட்டி விமானத்தை நொறுக்கி இறக்கினார். அன்று அணியை நடத்திச் சென்றவர் கோர்டன் பிரெட்டல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. சிறைப்பட்ட அவர், 1944 மார்ச்சில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற ஜெர்மானியப் போர்க்கைதிகள் முகாமிலிருந்து சுரங்கம் வழியே தப்பிய 76 பேரில் ஒருவர். மீண்டும் பிடிபட்டு, ஜெர்மானிய இரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவால் சுட்டுக் கொல்லப்பட்ட 50 பேரிலும் ஒருவர்.

அமெரிக்கப் படைக்கு மாறியதும் என்ன மாறியது?

எஸ்ஸெக்ஸின் டெப்டன் தளத்தில் மழைக்கு நடுவே நடந்த விழாவில் 71, 121, 133 ஆகியவை முறையே 334, 335, 336 ஆயின. மூன்றும் சேர்ந்து நான்காவது போர் விமானக் குழு. சம்பளம் கணிசமாக உயர்ந்தது. ராயல் விமானப்படையின் சிறகுச் சின்னத்தை அமெரிக்கச் சீருடையின் வலப்பக்கத்தில் அணிந்துகொள்ள அனுமதி கிடைத்தது. அதை அவர்கள் பெருமையோடு அணிந்தார்கள்.

விமானம் உடனே மாறவில்லை. அமெரிக்க நட்சத்திரம் தீட்டிய ஸ்பிட்ஃபயர்களிலேயே சில மாதங்கள் பறந்தார்கள். 1943 இல் கனத்த பி-47 தண்டர்போல்ட் வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். ஸ்பிட்ஃபயரின் லாகவத்துக்குப் பழகியவர்களுக்கு அது பால் வண்டிபோல் தெரிந்திருக்கும். 1944 தொடக்கத்தில் பி-51 மஸ்டாங் வந்தது. முன்னாள் 133 ஆவது அணிக்காரரான டான் பிளேக்ஸ்லியின் தலைமையில் குழு பெர்லின் வரை பறந்தது. வானிலும் தரையிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை அழித்ததாகப் போரின் முடிவில் குழு கணக்குச் சொன்னது. 334, 335, 336 எண்கள் அமெரிக்க விமானப்படையில் பின்னரும் நிலைத்தன.

பிரிட்டனுக்காகப் பறந்த எல்லா அமெரிக்கர்களும் இந்த மூன்று அணிகளில்தான் இருந்தார்களா?

பெரும்பாலோர் வெளியேதான் இருந்தார்கள். கனடாவின் விமானப்படையில் மட்டும் சுமார் 9,000 அமெரிக்கர்கள் சேர்ந்தார்கள். கவிதையால் புகழ்பெற்று 19 வயதில் இறந்த ஜான் மகீ அவர்களில் ஒருவர், கழுகு அணிக்காரர் அல்லர். டெக்சாஸைச் சேர்ந்த லான்ஸ் வேட் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருபதுக்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்தினார். கடைசி வரை ராயல் விமானப்படையை விட்டு மாறாமல் 1944 ஜனவரியில் விபத்தில் இறந்தார். ஆர்தர் டொனஹியூ 71 ஆவது அணியில் விமானமே இல்லாத நாட்களில் பொறுமையிழந்து தம் பழைய ஸ்குவாட்ரனுக்கே திரும்பியவர். பிறகு 1942 தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஹரிக்கேன் ஓட்டி ஜப்பானியர்களை எதிர்த்தார். 71 ஆவது அணிக்கு மறுக்கப்பட்ட சிங்கப்பூர், அதை விட்டு விலகியவருக்கு வாய்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் அவர் மறைந்தார்.

பெண்களும் உண்டா என்று ஒரு மாணவி கேட்டார். உண்டு. ஜாக்குலின் காக்ரன் 1942 இல் 25 அமெரிக்கப் பெண் விமானிகளை பிரிட்டனின் விமானப் போக்குவரத்துத் துணைப்படைக்கு அழைத்துவந்தார். தொழிற்சாலையிலிருந்து தளத்துக்கு விமானங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் வேலை, சண்டைக்கு அனுப்பப்படவில்லை.

முதலில் சேர்ந்த அந்த மூவர் என்ன ஆனார்கள்? லண்டனில் நினைவுச் சின்னம் இருக்கிறதா?

நினைவுச் சின்னம் லண்டன் குரோவ்னர் சதுக்கத்தில், ரூஸ்வெல்ட்டின் சிலைக்கு எதிரே நிற்கிறது. 1986 இல் திறக்கப்பட்டது. உச்சியில் இருக்கும் வெண்கலக் கழுகு சிற்பி எலிசபெத் ஃப்ரிங்கின் வேலை. முதல் பதிலில் சொன்ன 244 அமெரிக்கர்கள், 16 பிரிட்டிஷார் ஆகியோரின் பெயர்களையும் அதில் பார்க்கலாம்.

மூவரில் ஒருவரும் 1941 ஐத் தாண்டவில்லை. டோபின் செப்டம்பர் 7 அன்று பிரான்சின் மேலே நடந்த சண்டையில் இறந்தார். கல்லறை புலோனில் இருக்கிறது. மமெடாஃப் 133 ஆவது அணிக்கு மாறியிருந்தார்; அக்டோபர் 8 அன்று அணி வட அயர்லாந்துக்கு இடம்பெயர்ந்தபோது மோசமான வானிலையில் மேன் தீவில் மோதி இறந்த நால்வரில் அவர் ஒருவர். கியோ முதலில் போனவர். நாலடி பத்து அங்குல உயரம். இருக்கையில் மெத்தைகளை அடுக்கி உட்கார்ந்தால்தான் அவருக்கு வெளியே தெரியும். பிப்ரவரி 15 அன்று ஃபிளாம்பரோ முனைக்கு அப்பால் கடலுக்குள் பாய்ந்த விமானத்தோடு போனார். உடல் கிடைக்கவில்லை. மீட்கப் போனவர்களின் கையில் பறப்புக் காலணிகளின் மேற்பகுதிகள் மட்டும் அகப்பட்டன. அவ்வளவு சிறிய அளவு அணியில் வேறு யாருக்கும் கிடையாது. கல்லறை இல்லாத விமானிகளுக்கான ரன்னிமீட் நினைவிடத்தில் அவர் பெயர் இருக்கிறது.